பழைய பெடலும் மறுவெளியீடும்: டியூப் ஸ்க்ரீமரை வைத்து ஒப்பிடக் கற்றுக்கொள்ளுதல்

கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய எஃபெக்ட்ஸ் பெடலைப் பெரும் பணம் கொடுத்து வாங்குவதா, அதே பெயரில், அதே நிறத்தில் இன்று புதிதாகச் செய்து விற்கப்படும் மறுவெளியீட்டை வாங்குவதா என்பதே அது. கேட்டவுடன் ஒரு பக்கம் சாய்ந்து விடை சொல்லும் எவரையும் நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்றுதான் நான் முதலில் சொல்வேன். நாம் இரண்டு காலங்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு உட்காருகிறோம். ஆனால் மேசைமேல் இருப்பவை இரண்டு தனித்தனிப் பெட்டிகள். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தன் உதிரிபாகங்களின் பிறவிக் குணமும், பட்ட பழுதுகளும், பார்த்த பராமரிப்பும் உண்டு. அந்த இரண்டு பெட்டிகளையும் நேர்மையாக எப்படி ஒப்பிடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

எடுத்துக்காட்டாக ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமரை, அதாவது கிட்டாரின் ஒலியைச் சற்றே உடைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை, எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானில் மாக்ஸான் என்ற வணிகப் பெயரில் இயங்கிய நிஷின் நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்த இந்தப் பச்சைப் பெட்டி, 1970-களின் இறுதியில் டி.எஸ்.808 என்ற பெயரில் ஐபனீஸ் முத்திரையோடு வெளிவந்தது. 1982-இல் டி.எஸ்.9 அதன் இடத்துக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகுதான் இதன் மதிப்பு ஏறியது. அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் போன்றவர்கள் இதை விடாமல் பயன்படுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தேவை பெருகவே 1990-களின் தொடக்கத்தில் டி.எஸ்.9-உம், 2004-இல் டி.எஸ்.808-உம் மறுவெளியீடாக வந்தன. சுற்று எளிமையானது, அதன் எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, பழையதும் புதியதும் ஓரளவு கைக்குக் கிடைப்பவை என்பதால் ஒப்பிடப் பழகுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பெடல் இல்லை.

முதல் படி: காதுக்கு முன் சுற்றைப் படியுங்கள்

எந்தப் பெடலை ஒப்பிடப் போகிறீர்களோ அதன் சுற்றுப்படத்தைத் தேடி எடுத்து, பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் எந்தெந்த உதிரிபாகங்கள் வேறுபடுகின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மின்னணுவியல் படிக்காதவராலும் இதைச் செய்ய முடியும். இரண்டு படங்களை அருகருகே வைத்து மாறியிருக்கும் மதிப்புகளை வட்டமிட்டால் போதும்.

டியூப் ஸ்க்ரீமரில் கிட்டாரின் சமிக்ஞை முதலில் ஒரு டிரான்சிஸ்டர் பஃபரை (சமிக்ஞையை வலுவிழக்காமல் கடத்தும் சிறு பகுதி) கடந்து, 4558 வகை இரட்டை ஆப்-ஆம்ப் ஐ.சி.யின் (இரண்டு பெருக்கிகள் அடங்கிய சில்லு) ஒரு பாதிக்குள் நுழைகிறது. அங்கே பெருக்கப்படும்போதே, வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சிலிக்கான் டயோடுகள் அலையின் முகடுகளை மழுக்குகின்றன. பிறகு டோன் பகுதி, லெவல் குமிழ், கடைசியாக இன்னொரு பஃபர். பெருக்கத்தைத் தீர்மானிப்பவை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), அதனோடு சேர்ந்த 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி), 51 கிலோ ஓம் ரெசிஸ்டர், 500 கிலோ ஓம் டிரைவ் பாட் (டிரைவ் குமிழின் அடியில் இருக்கும், திருப்பினால் மதிப்பு மாறும் மின்தடை) ஆகிய நான்குதாம். டிரைவைக் குறைத்து வைத்தால் பெருக்கம் ஏறத்தாழ 12 மடங்கு. முழுதும் திறந்தால் ஏறத்தாழ 118 மடங்கு. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைகிறது. இதனால்தான் இந்தப் பெடலில் கீழ்ச்சுரங்கள் கலங்காமல், நடுச்சுரங்கள் முன்னே வந்து பாடுகின்றன.

டி.எஸ்.808-க்கும் டி.எஸ்.9-க்கும் இடையே எல்லோரும் பேசும் வேறுபாடு வெளியீட்டு முனையில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். முன்னதில் 100 ஓமும் 10 கிலோ ஓமும், பின்னதில் 470 ஓமும் 100 கிலோ ஓமும் இருக்கும். இதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: வழக்கமான ஆம்ப்பின் உள்ளீட்டில் செருகும்போது, முதல் இணை சமிக்ஞையை 0.09 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைக்கிறது, இரண்டாவது இணை 0.04 டெசிபெல் குறைக்கிறது. இடைவெளி 0.05 டெசிபெல். கடைசி டிரான்சிஸ்டர் சுமக்கும் பாரம் மாறுவதால் மிகப் பெரிய சமிக்ஞைகளில் வேறு சிறு விளைவுகள் இருக்கக்கூடும். ஆனால் ஒலி அளவில் இது எந்தக் காதுக்கும் எட்டாத வேறுபாடு.

இப்போது அதே பெடலின் டிரைவ் பாட்டைப் பாருங்கள். இவ்வகைப் பாட்களுக்கு 20 விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது இயல்பான தயாரிப்பு வரம்பு. 500 கிலோ ஓம் என்று அச்சிட்ட பாட் ஒரு பெடலில் 400 ஆகவும் இன்னொன்றில் 600 ஆகவும் இருந்தால், முழுதும் திறந்த நிலையில் முதல் பெடலின் பெருக்கம் 97 மடங்கு, இரண்டாவதன் பெருக்கம் 139 மடங்கு. இது 3 டெசிபெலுக்கும் மேற்பட்ட வேறுபாடு. 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 10 விழுக்காடு ஏறி இறங்கினால், 720 ஹெர்ட்ஸ் என்று சொன்ன எல்லை 655-க்கும் 800-க்கும் இடையே எங்கும் விழலாம். அதாவது, ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே கையால் பூட்டப்பட்ட இரண்டு டி.எஸ்.808-களுக்கு இடையே இருக்கக்கூடிய வேறுபாடு, புகழ்பெற்ற அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரியது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வரும் படிகள் ஏன் அவ்வளவு அவசியம் என்பது தானாக விளங்கும்.

ஐ.சி.யைப் பற்றியும் ஒரு சொல். பழைய பெடல்களில் பெரும்பாலும் ஜே.ஆர்.சி. 4558டி இருக்கும், சிலவற்றில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 4558, டி.எஸ்.9-இன் சில காலகட்டங்களில் வேறு ஐ.சி.களும் வந்தன. "அந்த ஐ.சி. இல்லாவிட்டால் அந்த ஒலி இல்லை" என்று சொல்லி, மேற்பரப்பைச் சுரண்டிப் பழைய எழுத்தை அச்சிட்ட போலிகளை விற்கும் அளவுக்கு இந்த நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. 4558-இன் பெருக்க-அலைவரிசைப் பெருக்குத்தொகை, அதாவது பெருக்கத்தையும் அப்போது அது எட்டும் அலைவரிசை எல்லையையும் பெருக்கினால் வரும் எண், ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ். 118 மடங்கு பெருக்கும்போதும் அது 25 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்குகிறது. ஆனால் அதே இடத்தில் பின்னூட்டத்தில் நிற்கும் 51 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர், டிரைவ் முழுதும் திறந்த நிலையில், 5.7 கிலோஹெர்ட்ஸிலிருந்தே மேல்சுரங்களைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஐ.சி.யின் வரம்பு தலைகாட்டுவதற்கு வெகு முன்பே கெப்பாசிட்டர் கதவைச் சாத்திவிடுகிறது. ஆகவே டியூப் ஸ்க்ரீமரில் ஐ.சி.யின் பங்கை நான் சிறியதென்றே மதிக்கிறேன்.

எல்லாப் பெடலிலும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. புரோகோ ராட் பெடலில் பெருக்கம் 2,000 மடங்கைத் தாண்டும். அதன் பழைய வடிவங்களில் இருக்கும் எல்.எம்.308 ஐ.சி. மெதுவானது, அவ்வளவு பெருக்கத்தில் அதுவே மேல்சுரங்களை மழுக்குகிறது. அங்கே ஐ.சி.யின் தயக்கமே ஒலியின் ஒரு பகுதி. அந்த ஐ.சி. கிடைக்காமல் போன பின் வந்த பெடல்களில் ஓ.பி.07 பொருத்தப்பட்டது, வேகத்தில் அது பழையதற்கு நெருங்கியது. எந்தச் சுற்றில் எந்தப் பாகம் ஆட்சி செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஐ.சி.யின் பெயரை மட்டும் பார்த்து விலை கொடுப்பது வீண் செலவு.

இரண்டாம் படி: பெட்டியைத் திறந்து பாருங்கள்

பழைய பெடலை ஒலிக்கவிடுவதற்கு முன் அதன் உடல்நிலையைப் பார்த்தாக வேண்டும். நோயுற்ற பழைய பெடலையும் நலமான புதிய பெடலையும் ஒப்பிட்டு, நோயின் ஒலியைப் "பழமையின் இனிமை" என்று பலர் பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

அடித்தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். திருகாணித் தலைகளின் பிளவுகள் தேய்ந்திருந்தால், உங்களுக்கு முன் பலர் உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று பொருள். பேட்டரி கிளிப்பைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் என்றோ ஒரு பேட்டரி உள்ளேயே கசிந்திருக்கிறது, அந்த உப்பு கம்பியின் உள்ளே ஏறியிருக்கவும் கூடும். பிறகு போர்டின் ஈயப்பற்றுகளை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக, ஒன்றொன்றாகப் பாருங்கள். நாற்பது ஆண்டுப் பழைய ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அதன் நடுவே இரண்டு மூன்று இடங்கள் மட்டும் பளபளவென்று, சுற்றிலும் தேன் நிறத்தில் ஃபிளக்ஸ் (பற்றவைக்கும்போது பயன்படும் பிசின்) படிந்து இருந்தால், அங்கே பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றப்பட்டது தவறில்லை. எது மாற்றப்பட்டது என்று தெரியாமல் "அசல் ஒலி" என்று முடிவெழுதுவதுதான் தவறு. டி.எஸ்.9-ஐ வாங்கி, அந்த இரண்டு வெளியீட்டு ரெசிஸ்டர்களையும் ஐ.சி.யையும் மாற்றி 808 ஆக்குவது பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கம் என்பதால், பழைய டி.எஸ்.9 என்று உங்கள் கைக்கு வருவது உள்ளே டி.எஸ்.9 ஆகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரெசிஸ்டரின் நிற வளையங்களைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

வயதைக் கண்டறிய அமெரிக்கப் பெடல்களில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பாட்டின் உலோகக் கூட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பிக் மஃப் பெடல் ஒன்றில் 1377612 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். என்னும் பாட் தயாரிப்பாளரின் எண், 76 என்பது 1976, 12 என்பது அவ்வாண்டின் பன்னிரண்டாம் வாரம். பெடல் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. சில மாதங்களோ, பாட்கள் கிடங்கில் தங்கியிருந்தால் இன்னும் கூடுதலாகவோ கழித்துச் செய்யப்பட்டிருக்கலாம். மூன்று பாட்களும் வெவ்வேறு ஆண்டுகளைக் காட்டினால் மேலும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து கொள்ளளவு இழப்பவை. இழந்தால் கீழ்ச்சுரம் மெலியும், இரைச்சல் கூடும். பாட்டைத் திருப்பும்போது கரகரத்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது முறை முழுச்சுற்றும் திருப்புங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சுவிட்சும் ஜாக்கும் விரைவில் கறுத்துவிடுகின்றன என்பதால், ஜாக்கின் உட்பக்கத்தையும் துடைத்துவிட்டே ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: இரண்டுக்கும் ஒரே மின்சாரம்

இந்தப் படியில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

சுவர் மின்சாரத்தில் நேராகச் செருகும் கம்பியோடு வந்த பழைய பெடல்கள் உண்டு. பாஸ் நிறுவனத்தின் 1976-ஆம் ஆண்டு சி.இ.-1 கோரஸ், எம்.எக்ஸ்.ஆர். ஃபிளேஞ்சர் போன்றவை அப்படிப்பட்டவை. ஜப்பானில் விற்றது 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்றது 117 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230 வோல்ட். பின்தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சில நொடிகளில் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஒன்பது வோல்ட் பெடல்களிலும் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, பாஸ் நிறுவனத்தின் பழைய பெடல்களில் ஏ.சி.ஏ. என்று அடாப்டர் வகை எழுதியிருக்கும். அவை சீராக்கப்படாத 12 வோல்ட் அடாப்டரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. வந்த மின்னழுத்தத்தை உள்ளேயே குறைத்துக்கொள்ளும். இன்றைய சீரான 9 வோல்ட் பி.எஸ்.ஏ. அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் எல்.இ.டி. மங்கும், ஒலியும் சோர்ந்து வரும். பழைய பெடல் "மென்மையாக" ஒலிக்கிறது என்று எழுதுவதற்கு முன் இதைப் பாருங்கள். இரண்டாவது, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பழைய பெடல்களில் 3.5 மில்லிமீட்டர் முனையுள்ள சாக்கெட் இருக்கும். இன்றைய வழக்கமான முனை அதில் பொருந்தாது, பொருந்தவைக்கும் மாற்றுமுனையை வாங்கும்போது நேர்-எதிர் திசையையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் பெடல்களில் (ஒலியைக் கடுமையாகச் சிதைப்பவை) பலவற்றில் நேர்முனையே பூமியாக இருக்கும். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே சங்கிலி அடாப்டரில் இணைத்தால் மின்சாரம் நேராகக் குறுக்கே பாய்ந்துவிடும். அவற்றுக்குப் பேட்டரியே பாதுகாப்பு.

டியூப் ஸ்க்ரீமருக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. ஆனாலும் ஒன்றில் பழைய பேட்டரி, மற்றதில் அடாப்டர் என்று வைத்து ஒப்பிடாதீர்கள். தனித்தனி வெளியீடுகள் உள்ள ஒரே பவர் சப்ளையிலிருந்து இரண்டுக்கும் கொடுத்து, மல்டிமீட்டரால் இரண்டு முனையிலும் அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒலி அளவைச் சமன் செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் படியைத்தான் கொடுப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், 1983-ஆம் ஆண்டினது என்று சொல்லப்பட்ட ஒரு டி.எஸ்.9-ஐ நண்பர் ஒருவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்னிடம் அதன் மறுவெளியீடு இருந்தது. இரண்டிலும் மூன்று குமிழ்களையும் நடுவில் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றாக வாசித்துக் கேட்டோம். பழையது உயிரோட்டமாக இருக்கிறது, சுரங்கள் முன்னே வருகின்றன, விரலுக்கு உடனே பணிகிறது என்று அங்கிருந்த மூவரும் ஒருமுகமாகச் சொன்னோம். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு இரண்டையும் கணினியில் பதிவுசெய்து பார்த்தபோது பழையதன் அளவு ஏறத்தாழ 2 டெசிபெல் கூடுதலாக இருந்தது. லெவல் குமிழைச் சிறிது குறைத்துச் சமன் செய்து, கண்ணை மூடிக் கேட்டோம். பத்து முறையில் நான் ஆறு முறை சரியாகச் சொன்னேன், நண்பர் ஐந்து முறை. அந்த மாலையில் நான் கற்றது என் வாசிப்புக்கும் பெரிய உதவியாக அமைந்தது. சிறிதளவு கூடுதலான ஒலியை நம் செவி "உரத்தது" என்று உணர்வதில்லை, "நல்லது" என்றே உணர்கிறது.

சமன் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால், ஒரே சொற்றொடரை இரண்டு பெடல் வழியாகவும் பதிவுசெய்து, மென்பொருள் காட்டும் சராசரி அளவைப் பார்த்து அரை டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால், கைபேசியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய அளவில் பெடலுக்குள் அனுப்பி, வெளியீட்டில் மாறுமின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்கலாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிறிய மஞ்சள் மீட்டர்களில் மாறுமின்னழுத்தத்துக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டு வீச்சுகள் மட்டுமே இருக்கும். அவை இந்த வேலைக்கு உதவா. 2 வோல்ட் வீச்சாவது உள்ள மீட்டர் தேவை. கைபேசியில் தரும் ஒலி அளவுமானிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கைபேசியைச் சற்று நகர்த்தினாலே எண் மாறிவிடும்.

லெவலோடு நின்றுவிடாமல் டிரைவையும் டோனையும் குமிழின் நிலையைப் பார்க்காமல் செவியால் சமன் செய்யுங்கள். இரண்டிலும் குமிழ் பன்னிரண்டு மணித் திசையைக் காட்டுவதால் இரண்டும் ஒரே அமைப்பில் இருக்கின்றன என்று ஆகாது. பாட்களின் ஏற்ற இறக்கத்தை மேலே கண்டோம். ஒரு பெடலில் உங்களுக்குப் பிடித்த ஒலியை அமையுங்கள். மற்றதை அதற்கு எவ்வளவு நெருங்கக் கொண்டுவர முடிகிறது என்று பாருங்கள். முழுதும் நெருங்கிவிட்டால் உங்கள் தேவைக்கு இரண்டும் ஒன்றே. எவ்வளவு முயன்றும் நெருங்காத ஒன்று எஞ்சினால் அதுவே உண்மையான வேறுபாடு. அதைத்தான் எழுத்தில் பதிய வேண்டும்.

ஐந்தாம் படி: மறைத்துக் கேளுங்கள்

நண்பர் ஒருவர் திரைக்குப் பின்னாலோ நாற்காலிக்குப் பின்னாலோ அமர்ந்து, நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என இணைக்கட்டும். நீங்கள் பெயர் சொல்லுங்கள், அவர் குறித்துக்கொள்ளட்டும். சுவிட்சின் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு பெடலின் சுவிட்சையும் அவர் அழுத்த வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை சரியாக வருவது வெறும் ஊகத்தில் நூற்றில் ஒரு தடவைதான் நேரும். ஆறோ ஏழோ வந்தால் உங்கள் செவிக்கு இன்னும் பிடிபடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாசிப்பது என்பதும் முக்கியம். வேகமான சோலோ வேறுபாடுகளை மூடிவிடும். ஒரே ஒரு சுரத்தை வாசித்து அது முழுதும் அடங்கும்வரை விடுங்கள். கடைசி இரண்டு நொடிகளில் சுரம் சீராகத் தேய்கிறதா, திடீரென்று அறுபடுகிறதா என்று கேளுங்கள். கிட்டாரின் வால்யூமை ஐந்துக்கு இறக்கி வாசித்து, ஒலி எவ்வளவு தெளிகிறது என்று கேளுங்கள். மூன்று சுரக் கார்டு ஒன்றைக் கீழ்த் தந்திகளில் அடித்து, சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, குழைகின்றனவா என்று கேளுங்கள். பிறகு பெடலை அணைத்த நிலையிலும் ஒப்பிடுங்கள். டியூப் ஸ்க்ரீமர் இரண்டிலும் அணைத்த நிலையில் பஃபர் வழியாகவே சமிக்ஞை போகிறது. ஆனால் 1970-களின் பல அமெரிக்கப் பெடல்களில் அணைத்த பின்னும் சுற்றின் உள்ளீடு சமிக்ஞையோடு ஒட்டிக்கொண்டிருந்து மேல்சுரத்தை இழுத்துக் குறைக்கும். முடிந்தால் டிரம்ஸும் பேஸும் ஒலிக்கும் ஒத்திகையில் ஒருமுறை கேளுங்கள். தனி அறையில் பெரிதாகத் தெரிந்த வேறுபாடு அங்கே காணாமல் போகக்கூடும், அதைப்போலவே புதிதாக ஒன்று தெரியவும் கூடும்.

வேறு விதிகள் கொண்ட பெடல்கள்

ஜெர்மானியம் ஃபஸ் பெடல்களுக்கு மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும், கூடவே வெப்பமும் சேரும். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் இரண்டே டிரான்சிஸ்டர்களால் ஆனது; ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒலியோடு இணைந்தது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் இரட்டிப்பாகிறது. குளிரூட்டிய அறையில் 24 பாகையில் அழகாகப் பாடிய பெடல், சென்னையின் சித்திரை வெயிலில் 36 பாகையில் தொண்டை அடைத்துக்கொண்டு விட்டுவிட்டு ஒலிப்பது இதனால்தான். ஆகவே இரண்டு ஃபஸ்களையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்னும் காலில் மின்னழுத்தத்தை அளந்துகொண்டு ஒப்பிடுங்கள், 4.5 வோல்ட்டை ஒட்டி இருப்பது நல்ல நிலை. இங்கே பழைய பெடல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்பதை நான் ஐயமில்லாமல் கேட்டிருக்கிறேன். ஒரு பழைய ஃபஸ் மிக நன்றாக இருந்தால் அந்த ஒன்றுதான் நன்றாக இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர் உள்ள எந்தப் பெடலையும் வைக்காமல் கிட்டாரை நேரடியாக இணைத்தே சோதியுங்கள்.

அனலாக் டிலே, கோரஸ் வகைகளில் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் ஐ.சி.யும், அதைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரிம்மர்கள் என்னும் சிறு திருகுகளும் இருக்கும். அந்த டிரிம்மர்கள் பல ஆண்டுகளில் இடம் தவறிவிட்டால் எதிரொலி கரகரத்து உடையும். பழையதை முதலில் சரியாக அமைத்துவிட்டே ஒப்பிட வேண்டும். பாஸ் 1981-இல் வெளியிட்ட டி.எம்.-2 அதிகபட்சம் 300 மில்லிநொடி எதிரொலி தந்தது. 2014-இல் வந்த டி.எம்.-2டபிள்யூ ஒரு சுவிட்சில் பழைய நடத்தையையும், மறுபக்கத்தில் 800 மில்லிநொடியையும் தருகிறது. ஒப்பிடும்போது சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒலி சுழல்வதுபோல் கேட்கச் செய்யும் எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90-இல் கதை இன்னும் எளிது. எழுத்துச் சாய்ந்த பழைய முத்திரை கொண்டதற்கும் கட்டை எழுத்து முத்திரை கொண்டதற்கும் இடையே காதில் விழும் வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரு பின்னூட்ட ரெசிஸ்டரால் வருவது. பின்னதில் அது சேர்க்கப்பட்டதால் சுழற்சி அழுத்தமாக ஒலிக்கிறது; அதை எடுத்துவிட்டால் பழைய மென்மை திரும்புகிறது. இங்கே வேறுபாடு உண்மையானது, கேட்டவுடன் தெரிவது, ஆனால் அதன் விலை ஒரு ரெசிஸ்டர்.

விலை ஏற்றத்துக்கு எல்லை எது என்று கேட்பவர்களுக்கு க்ளான் சென்டார் என்னும் ஓவர்டிரைவ் பெடலைக் காட்டலாம். அதைச் செய்த பில் ஃபின்னகன், 2012-இல் கே.டி.ஆர். என்ற பெயரில் அதே சுற்றைச் சிறு பாகங்களால் மறுபடியும் செய்து, இந்த ஆரவாரம் தன்னால் உண்டானதன்று என்ற பொருளில் பெட்டியின் மேலேயே ஒரு வாக்கியத்தை அச்சிட்டார். வடிவமைத்தவரே மறுவெளியீட்டுக்குப் பொறுப்பேற்று நிற்கும்போது, பழையதற்கான கூடுதல் பணம் ஒலிக்குக் கொடுப்பதா, அரிய பொருளுக்குக் கொடுப்பதா என்று வாங்குபவர் தனக்குள் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அரிய பொருளுக்குக் கொடுப்பதும் நியாயமான ஆசைதான்.

கடைசிப் படி: வாங்கிய பின்

மறுவெளியீட்டை வாங்கி அதில் பாகங்களை மாற்றிப் பார்க்க விரும்பினால், ஐ.சி. இருக்கும் இடத்தில் எட்டுக்கால் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஈயக்கோலைத் தொடாமலே ஐ.சி.களை மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, நான்காம் ஐந்தாம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

பழையதை வாங்கினால், பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் உள்ளமைப்பை எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துவையுங்கள். எது பழுதோ அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றும் பாகங்கள் அனைத்தும் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். என் பழைய பெடல் ஒன்றை ஒரு பழுதுநீக்குநரிடம் கொடுத்தபோது, கரகரத்த ஒரு பாட்டோடு சேர்த்து, நன்றாக இருந்த கெப்பாசிட்டர்களையும் ஐ.சி.யையும் அவர் மாற்றிவிட்டு, பழையவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார். பெடல் இன்று நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் முன்பு எப்படி ஒலித்தது என்று சரிபார்க்க இனி எனக்கு வழி இல்லை. அன்று முதல், மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு, எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, ஒப்பீட்டுக் குறிப்புத் தாளோடு மடித்து அந்தந்தப் பெடலின் பெட்டிக்குள்ளேயே வைத்துவருகிறேன்.